தலையில்லாத பேஸ் கிடார்

1. விஜயதசமி அன்று மாலை ஏழு மணிக்கு, ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பின் மைதான மேடையில், என் அண்ணன் தன் பேஸ் கிடாரின் தடித்த தந்தியைத் தட்டினான். சத்தம் வரவில்லை.

2. மற்ற மூன்று தந்திகளையும் தட்டினான். அவையும் வாய் திறக்கவில்லை.

3. ஆர்கெஸ்ட்ரா முதலாளி திரும்பிப் பார்த்தார். அண்ணன் சிரித்தான்.

4. முதல் பாட்டு தொடங்கியது. அண்ணன் வாசிப்பதுபோல் விரல்களை அசைத்தான். கீபோர்டுக்காரரின் இடது கை அவனுடைய அடிச்சுர வேலையையும் சேர்த்துப் பார்த்தது.

5. அதே மாதிரி கிடார் வைத்திருக்கும் இரண்டு பேர் முன்வரிசையில் இருந்தார்கள். இதைக் கேட்கவே ஒருவர் சாமராஜநகரிலிருந்தும் ஒருவர் ஹனூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

6. நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். கையில் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், நானே எழுதி, முந்தின நாள் நானே சரிபார்த்த பதினான்கு வரிப் பட்டியல்.

7. பதினான்கு வரியிலும் டிக் இருந்தது.

இதில் ஏழாவதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து அனுப்புவது என் வேலை. பட்டியல் முடியாமல் என் மேஜையைத் தாண்டி ஒரு போர்டும் போனதில்லை. போனால் திரும்பி வராது என்று எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

அந்தக் கிடாரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஓய்வு பெற்ற ஒரு என்ஜினியர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் அதைச் செய்தார். மொத்தம் எத்தனை செய்தார் என்பதில் வைத்திருப்பவர்களுக்குள் சண்டை உண்டு. ஒருவர் பதினொன்று என்பார், இன்னொருவர் பதினான்கு என்பார். எப்படியும் யாரும் சீந்தவில்லை. அவரும் கோபித்துக்கொள்ளாமல் ரோஜாச் செடி வளர்க்கப் போய்விட்டார்.

அந்தக் கிடாரில் இரண்டு விசேஷம். ஒன்று, அதற்குத் தலை கிடையாது. மற்ற கிடார்களில் கழுத்தின் உச்சியில் ஒரு பலகையும், தந்தியை முறுக்கும் திருகுகளும் இருக்கும். இதில் கழுத்து வெட்டிய கரும்பு மாதிரி சட்டென்று முடிந்துவிடும். திருகுகள் எல்லாம் வாலில். இரண்டு, அதில் காந்தம் கிடையாது. சாதாரண மின்சாரக் கிடாரில் இரும்புத் தந்தி அதிர்வதைக் காந்தம் பிடித்துச் சத்தமாக்கும். இதில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே கடுகளவு விளக்கு ஒன்றும் அதைப் பார்க்கும் கண் ஒன்றும் இருக்கும். விளக்கின் வெளிச்சம் நம் பார்வைக்குத் தெரியாது. தந்தி ஆடும்போது அதன் நிழலும் ஆடும். அந்த நிழலைத்தான் கண் சத்தமாக மாற்றும். வெளி வெளிச்சம் உள்ளே போனால் டியூப்லைட்டின் இரைச்சலும் கூடவே கேட்கும் என்பதால் மேலே ஒரு கறுப்பு மூடி, இரண்டு திருகாணியோடு.

நிழலைக் கேட்கிற கிடார். முதல் முறை இதைப் புரிந்துகொண்டபோது நான் ஒரு மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசிக்கத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் பகலில் ஒரு மோட்டார் கடையில் செப்புக் கம்பிக் காயில் சுற்றுவான். சாயங்காலமும் ஞாயிறும் கிடார். அவனைத் தவிர இந்தப் பக்கத்தில் அந்தக் கிடாரை வைத்திருந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். ஒருவர் சாமராஜநகரில் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. மடித்த கைக்குட்டையில் யூடிகொலோன் தெளித்து வைத்திருப்பார். கிடாரைப் பற்றிய குறிப்புகளை அலுவலகக் கோப்பு மாதிரி நாடா கட்டி வைத்திருப்பார். இன்னொருவர் ஹனூர் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர். ஊர்த் திருவிழாக்களில் வாசிப்பவர். தன் கிடாரை உரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வருவார். நடத்துநர் அதற்கு டிக்கெட் கேட்டதில்லை என்பது அவருக்குப் பெருமை.

மாதத்தில் இரண்டு ஞாயிறு தேவராஜ மொஹல்லாவில் எங்கள் மாடி வீட்டில் கூடுவார்கள். கூடிப் பாட்டு வாசிப்பார்கள் என்று நினைத்தால் தப்பு. ஒரே ஒரு சுரத்தைத் தட்டி, அது அடங்குகிற வரைக்கும் மூச்சு விடாமல் கேட்பார்கள்.

"கேட்டுக்கோங்க அம்மிணி, இப்பத் தட்டறேன்," என்பார் ஹனூர்க்காரர் என்னைப் பார்த்து. தட்டுவார்.

குமாஸ்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "முப்பத்தெட்டு செகண்ட். நின்னுடுச்சு," என்பார்.

"எங்கீங்க நின்னுச்சு? இன்னும் கேக்குதுங்களே."

"எனக்குக் கேக்கலை."

"உங்களுது கவர்மெண்டுக் காதுங்க. அஞ்சு மணிக்கு மேல வேலை செய்யாது."

அம்மா காபி டம்ளரோடு வாசலில் நிற்பாள். "ஒரு பாட்டு வாசிங்கப்பா. மூணு தடவையா வந்து ஒரே சத்தத்தையே கேட்டுட்டிருக்கீங்க. சந்தேகம் ஏதாவது இருக்கா?"

காந்தம் இல்லாததால் தந்தி இரும்பாக இருக்க வேண்டியதில்லை. எதை மாட்டினாலும் நிழல் விழும். இதைக் கண்டுபிடித்த வாரம் ஹனூர்க்காரர் போர்வெல் மோட்டார் இறக்குகிற நைலான் கயிற்றிலிருந்து ஓர் இழையைப் பிரித்து மாட்டிக்கொண்டு வந்தார். கன்றைத் தேடும் மாடு மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூன்று பேரும் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சந்தோஷப்பட்டார்கள். குமாஸ்தா கோப்பில் எழுதிக்கொண்டார். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, மாடு வாங்கியிருக்கிறோமா என்று விசாரித்தார்.

அந்த அறைக்கு வெளியே இந்தக் கிடாருக்கு மரியாதை கிடையாது. பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "உடைஞ்சு போச்சா?" அடுத்தது "குழந்தைங்க வாசிக்கறதா?" நான் ஒரு நோட்டில் இந்தக் கேள்விகளைக் குறித்து வந்தேன். ஒரு பாதிரியார் மட்டும் "இது முடிஞ்சுதா, இன்னும் வேலை பாக்கி இருக்கா?" என்று கேட்டார். அது கொஞ்சம் பண்பான கேள்வி என்பதால் தனியாக எழுதினேன்.

ஆவணியில் ஒரு கல்யாண வரவேற்பில்தான் விஷயம் முற்றியது. பெண்ணின் மாமா மேடைக்கு வந்து அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாண வீட்ல என்னய்யா இது, தலையறுந்த சாமான்? பேடா, வேண்டாம். உள்ள எடுங்க."

முதலாளி அண்ணனைப் பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழை மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். அன்று மூன்று மணி நேரம் வாழை மரம் பேஸ் வாசித்தது.

மறுநாள் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"தம்பி, சிட்டியில எந்த பார்ட்டி இப்ப பேஸ் வாசிக்க ஆளு வெச்சிருக்கு, நீயே சொல்லு. எல்லாம் கீபோர்டுல வருது. ஆறு வருஷப் பழக்கம்னு உன்னை நான் வெச்சிட்டிருக்கேன். நீ என்னடான்னா இந்த மொண்டிச் சாமானைத் தூக்கிட்டு வர்றே."

"மொண்டி இல்லீங்க சார். இதுல நிழலைத்தான்..."

"நிழல் கிழல் எல்லாம் எனக்கு வேண்டாம் மாராயா. விஜயதசமிக்கு ஒரு ப்ரோக்ராம் இருக்கு. கீபோர்டுக்காரன் இடது கையால முடியாத ஒண்ணு எனக்கு அதுல கேக்கணும். கேட்டா நீ இரு. இல்லேன்னா சும்னே எதுக்கு ஒரு ஆளு?"

அவர் போன பிறகு அண்ணன் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வேறு கிடார் வாங்கலாமே என்று அம்மா சொன்னாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். முதலாளி சொன்னது உண்மை என்பது எங்களுக்குத் தெரியும். மற்ற ஆர்கெஸ்ட்ராக்கள் ஒவ்வொன்றாகப் பேஸ்காரர்களை அனுப்பிவிட்டிருந்தன. இந்த மேடை போனால் அவனுக்கு வேறு மேடை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்றைச் சுரம் தட்டுவதோடு சரி.

"பாப்பா, ப்ரோக்ராம் அன்னிக்கு ஒரு சின்னத் தப்புகூட வரக்கூடாது," என்றான் என்னிடம்.

"வராது அண்ணா," என்றேன். பட்டியல் எழுதினேன்.

ஆயுத பூஜை அன்று காலை கூடத்தில் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கட்டட வேலை செய்யும் அப்பாவின் கரணை, ரசமட்டம். அவருடைய சைக்கிள் மட்டும் கீழே. அம்மாவின் அரிவாள்மணை, தையல் மெஷின். என் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர். நடுவில் ஆம்ப்ளிஃபையரும் கிடாரும். மார்க்கெட் பக்கத்திலேயே இருந்ததால் எங்கள் வீட்டில் பூவுக்குக் குறைவு இருந்ததில்லை. அந்த வருடம் மல்டிமீட்டரே தெரியவில்லை, சாமந்திதான் தெரிந்தது.

நான் பட்டியலோடு கிடாரின் முன் உட்கார்ந்தேன். எட்டாவது வரி: ஆம்ப்பில் இணைத்து நான்கு தந்தியையும் கேட்டுப் பார்க்கவும். கேட்டேன், டிக். ஒன்பதாவது: மூடியைக் கழற்றிக் கண்களைப் பஞ்சால் துடைக்கவும். துடைத்தேன், டிக். பத்தாவது: மூடியை மாட்டவும்.

அந்த நேரம் அப்பா கீழேயிருந்து கூப்பிட்டார். சைக்கிள் சக்கரத்துக்குக் கீழே வைக்க எலுமிச்சம்பழம் வேண்டுமாம். எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியில் இருக்கும்போது அம்மாவின் குரல் கேட்டது.

"டேய், உன் கிடாருக்குப் பொட்டு எங்கடா வெக்கறது? தலையே காணோம்!"

குளியலறையிலிருந்து அண்ணன் கத்தினான். "எங்கியாவது வைம்மா!"

நான் திரும்பி வந்தபோது கிடார் மூடி போட்டு, பூ வைத்து, லட்சணமாக இருந்தது. இரண்டு திருகாணியும் இறுகியிருந்தன. எலுமிச்சம்பழத்துக்கு முன்பே நான் மாட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். பத்தாவது வரி, டிக்.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம். மறுநாள் விடிந்ததும் ஆம்ப்ளிஃபையர் டெம்போவில் போய்விட்டது. விஜயதசமி யானை ஊர்வலத்துக்காக ரோடுகளை அடைத்துவிடுவார்கள், சாமான்கள் முன்னாலேயே போகட்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால் அண்ணன் விஜயதசமி முகூர்த்தத்துக்கு மின்சாரம் இல்லாமலே ஒரு தட்டு தட்டினான். டொய்ங் என்று கொசு அளவுக்கு ஒரு சத்தம். எல்லாரும் கும்பிட்டுக்கொண்டோம்.

ஊர்வலக் கூட்டத்தில் சிக்கி நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர ஆறு ஐம்பது ஆகிவிட்டது. மேடையில் சத்தம் சரிபார்க்க நேரமில்லை. கவலையில்லை, பட்டியல் இருக்கிறது என்று நான் அண்ணனிடம் சொன்னேன். அந்த வார்த்தைகளையே சொன்னேன்.

முதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் மேடையின் பின்புறம், அண்ணனின் காலடியில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேபிளில் குறையில்லை. பேட்டரி ஒன்பது வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. ஆம்ப்பில் வேறு ஒயரை வைத்துத் தொட்டால் உறுமியது. அண்ணன் உதட்டை அசைக்காமல் கேட்டான்.

"பாப்பா, என்ன ஆச்சு?"

"எல்லாம் சரியா இருக்குண்ணா."

"அப்ப எனக்குத்தான் காது போச்சா?"

இரண்டாவது பாட்டும் ஆரம்பித்துவிட்டது. அண்ணன் அதற்குள் நடிப்பில் தேறியிருந்தான். தலையை ஆட்டினான், கண்ணை மூடினான், ஓர் இடத்தில் மேலே ஏறி இறங்குவதுபோல் விரலை ஓட்டினான். கூட்டத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.  இவன் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்பதை முதலாளிக்கு நாங்களே மேடை போட்டுக் காட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் மிமிக்ரிக்காரர் மைக்கைப் பிடித்தார். அவருக்குப் பத்து நிமிடம். அண்ணன் கிடாரோடு மேடைக்குப் பின்னால் குதித்தான். முன்வரிசை இருவரும் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"இன்ஜினியரம்மா, பேட்டரி பாத்தாச்சா?" என்றார் குமாஸ்தா.

"பாத்தாச்சு சார்."

"மூடியத் தொறங்க அம்மிணி. மத்ததெல்லாம் சரின்னா கோளாறு கண்ணுலதானுங்க."

திறந்தேன். ஒரு திருகாணி துள்ளி மேடைக்கு அடியில் விழுந்து காணாமல் போனது.

உள்ளே நான்கு பொட்டுகள். ஒவ்வொரு கண்ணின் மேலும் அளவெடுத்ததுபோல் ஒரு சந்தன வட்டம். நடுவில் குங்குமம். ஒன்றுகூடக் கோணல் இல்லை. நன்றாகக் காய்ந்து கண்களை மெழுகி மூடியிருந்தன.

 மேடையில் மிமிக்ரிக்காரர் யானை மாதிரி பிளிறிக்கொண்டிருந்தார்.

ஹனூர்க்காரர்தான் முதலில் சிரித்தார். "வெச்ச கைக்கு வளையல் போடணுமுங்க. எங்க ஊட்டு மாட்டுக்குக்கூட இத்தனை லட்சணமா வெக்க மாட்டாங்க."

"சிரிக்காதீங்க. தண்ணி படக்கூடாது, உள்ள சர்க்யூட் இருக்கு," என்றேன்.  "ஸ்பிரிட் வேணும்."

குமாஸ்தா பையிலிருந்து யூடிகொலோன் சீசாவையும், நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டையையும் எடுத்து நீட்டினார். அந்தக் கைக்குட்டையால் அவர் முகம் துடைத்தே நான் பார்த்ததில்லை. அதை நனைத்து ஒவ்வொரு கண்ணாகத் துடைத்தேன். வெள்ளைத் துணி மஞ்சளும் சிவப்புமாக ஆனது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஹனூர்க்காரர் மேல்துண்டை விரித்து, மேடை விளக்கு கண்ணில் விழாமல் மறைத்துப் பிடித்தார். மீதியிருந்த ஒரே திருகாணியால் மூடியை மாட்டினேன். மறுமுனைக்கு இன்சுலேஷன் டேப்.

மூன்றாவது பாட்டு நடுவில் தாளம் மாறுகிற வேகப் பாட்டு. அண்ணன் முதல் சுரத்தைத் தட்டினான். வந்தது. தரையிலிருந்து எழுந்து, மேடைப் பலகை வழியாக என் முழங்கால் வரை வந்தது. கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. ஆனால் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. கீபோர்டுக்காரரின் இடது கை இரண்டு வரி வரைக்கும் கூடவே ஓடிப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டுக் காதைச் சொறிந்தது. சரணம் முடிகிற இடத்தில் எல்லா வாத்தியமும் நிற்க, அண்ணனின் ஒற்றைச் சுரம் மட்டும் நீண்டு ஒலித்தது. முதலாளி திரும்பி அவனைப் பார்த்தார். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் முதலாளி நேராக வந்தார்.

"மொதல் ரெண்டு பாட்டுல என்னப்பா பண்ணிட்டிருந்தே?"

"நடிச்சேன் சார்."

"அது தெரிஞ்சுது. எதுக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பொட்டுக் கதையைச் சொன்னேன். என் பட்டியலில் வரிசை தப்பு என்பதையும் சேர்த்தே சொன்னேன். சத்தத்தைச் சரிபார்த்த பிறகு எதையும் திறக்கக் கூடாது. என் மேஜையில் ஒரு போர்டுக்கு நான் அப்படிச் செய்ததே இல்லை. வீட்டில் செய்தேன்.

முதலாளி கைக்குட்டையை வாங்கி விளக்கில் காட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சரி, நீ இரு," என்றார் அண்ணனிடம். "மூணாவது பாட்டுல வந்த மாதிரி அந்தக் கீபோர்டுக்காரனுக்கு வராது. ஆனா கல்யாண வீட்டுக்காரங்க கிட்ட என்னால தினம் பேச முடியாது. உங்கம்மாவுக்கே தலை வேணும்னா, அவங்களுக்கு வேண்டாமா? எப்படியாவது ஒரு தலை வெச்சிடு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டோம். அவளுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

"கண்ணு, கண்ணுன்னு நீங்க எல்லாரும்தானே சொல்லிட்டிருப்பீங்க? கண்ணு இருந்தா மேல நெத்தி இருக்குமில்ல? எடம் பத்தலை, அதான் கண்ணு மேலயே வெச்சேன். தெறந்து கெடந்தா தூசி விழும்னு நான்தான் மூடியும் போட்டேன். அதுக்கும் என்னைத்தான் சொல்லுவீங்களா?"

தலை வைக்கிற விஷயம் அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வந்தது. குமாஸ்தா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இதுக்குத் தலை இல்லாததுதான் அழகு. அந்த மனுஷர் யோசிச்சு யோசிச்சு எடுத்ததை நாம திருப்பி ஒட்டறதா? அப்புறம் இதுக்கும் சாதாரண கிடாருக்கும் என்ன வித்தியாசம்?"

"உள்ள நிழல் இருக்குங்களே," என்றார் ஹனூர்க்காரர். "வெளிய ஒரு தொப்பிங்க. அவ்வளவுதானுங்க. தம்பி மேடையில நின்னு வாசிக்கறது வேணுமா, அழகு வேணுமா?"

குமாஸ்தா ஜன்னல் வழியாக மார்க்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். காபி ஆறியது. கடைசியில் கோப்பைப் பிரித்து, நாங்கள் எல்லாரும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். தலை கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். மேடைக்கு மட்டும் மாட்ட வேண்டும். ஞாயிறு கூட்டத்துக்கு அது இல்லாமல்தான் வர வேண்டும். கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் சாட்சி.

ஹனூர்க்காரர் அவர் ஊர்த் தச்சரிடம் சொல்லிப் பலாக் கட்டையில் ஒரு தலை செய்துகொண்டு வந்தார். நான்கு திருகுகளும் மரத்திலேயே செதுக்கியிருந்தன. அவை சுற்றாது. கையில் எடுத்துப் பார்த்த அம்மா, உச்சியில் ஒரு விரல் அகலத்துக்கு வழுவழுப்பாக இடம் விட்டிருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு ஆயுத பூஜை வந்துவிட்டது. அண்ணன் அதே ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிறான், வாழை மரத்துக்கு முன்னால் நிற்கிறான். கிடாருக்கு இரண்டு திருகாணியில் நிற்கிற ஒரு தலை இருக்கிறது. அதற்கு வேறு வேலை இல்லை, பொட்டு அதில்தான் வைக்கப்படுகிறது. குமாஸ்தாவின் கைக்குட்டை துவைத்தும் கறை போகவில்லை. அதை அவர் கோப்பில் வைத்திருக்கிறார். என் பட்டியலில் இப்போது பதினைந்து வரி. சத்தம் கேட்டுப் பார்ப்பது கடைசி வரி.